தனித்துப்போன அறிஞனும் கைகொடுத்த கழகங்களும்

அறிஞர்கள் கூடிப் பணியாற்றும் அமைப்பை அரபு மொழியில் ‘மஜ்மஉ’ என்கிறோம். ‘ஜமஅ’ (ஒன்றுசேர்த்தான்) என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. ஜமாஅத், ஜாமிஆ, ஜும்ஆ என நமக்கு நன்கு பழகிய சொற்களும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. 1919ஆம் ஆண்டு முஹம்மது குர்து அலீ அவர்கள் திமிஷ்கில் நிறுவிய அரபு அறிவுக்கழகத்துக்கும், 1932இல் கெய்ரோவில் தோன்றிய மொழிக்கழகத்துக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது. சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தால், சிதறிக் கிடப்போரைச் சேர்த்து வைப்பதே ஓர் அறிவுக்கழகத்தின் முதற்கடமை. ஆனால் வரலாற்றைப் புரட்டினால், சேர்ப்பதைவிட விலக்குவதிலேயே பல கழகங்கள் அதிக அக்கறை காட்டியிருப்பதைக் காண்கிறோம்.

உலகின் மிகப் பழமையான அறிவியல் கழகங்களுள் ஒன்றான இலண்டன் ராயல் சொசைட்டி 1660ஆம் ஆண்டு தோன்றியது. 1902இல் ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் பெண் பொறியியலாளரின் பெயர் அதன் உறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. மின்வில் விளக்கைப் பற்றி அவர் செய்திருந்த ஆய்வின் தரத்தை எவரும் மறுக்கவில்லை. கழகம் வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. மணமான பெண்ணை உறுப்பினராக்கக் கழகத்தின் சாசனம் இடந்தராது என்று அவர்கள் கூறிவிட்டனர். 1904இல் அதே கழகத்தின் அவையில் அவர் தம் ஆய்வுரையைத் தாமே வாசித்தார்; 1906இல் அக்கழகமே அவருக்கு ஹ்யூஸ் பதக்கம் வழங்கியது. பதக்கம் பெறத் தகுதியுடையவர், உறுப்பினராகத் தகுதியற்றவர்! கேத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீஃபன்சன் ஆகிய இரு பெண்கள் 1945இல் தேர்ந்தெடுக்கப்படும்வரை அக்கதவு மூடியே இருந்தது. இந்தியர் விஷயமும் ஏறத்தாழ அப்படியே. பம்பாயில் கப்பல் கட்டும் பார்சிக் குடும்பத்தில் தோன்றிய அர்தசீர் கர்செட்ஜி 1841இல் உறுப்பினரானார். அவருக்கு அடுத்த இந்தியராகக் கும்பகோணம் இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டது 1918இல்; இடையில் கழிந்தவை 77 ஆண்டுகள்.

உறுப்பினர் பட்டியலில் எத்தனை பெண்கள், எத்தனை கறுப்பர், எத்தனை ஆசியர் என்று எண்ணிப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. எண்ண வேண்டியதுதான். ஆயினும் உறுப்பினர் பதவி என்பது பெரும்பாலும் பயணத்தின் முடிவில் கிடைக்கும் மாலை. பயணத்தின் நடுவே, சோறும் நூலும் துணையும் இன்றி ஓர் அறிஞன் திகைத்து நிற்கும் வேளையில், கழகம் அவனுக்கு என்ன செய்தது என்பதே முக்கியமான கேள்வி எனக் கருதுகிறேன். இதற்கு இராமானுஜன் வாழ்க்கையே சான்று.

1907ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் துணைக் கலெக்டராகப் பணியாற்றிய வி. இராமசாமி ஐயர் சிலரைச் சேர்த்து ஒரு கணிதக் கழகம் தொடங்கினார். இந்தியக் கணிதக் கழகம் என இன்று அறியப்படுவது அதுவே. அதன் தொடக்க நோக்கம் மிக எளிமையானது. அயல்நாட்டுக் கணித நூல்களும் ஏடுகளும் விலை அதிகம். எவராலும் தனித்து வாங்க இயலாது. எல்லோரும் சந்தா செலுத்தி, வரவழைத்த ஏடுகளை அஞ்சல் வழியே ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பது என்று ஏற்பாடு. எம்.ஏ. ஆய்வேட்டுக்காகக் கெய்ரோவிலிருந்து வெளியான ஓர் இதழின் ஒற்றைப் பிரதியைத் தேடி மூன்று நூலகங்களுக்கு அலைந்த எனக்கு, அந்த அஞ்சல் ஏற்பாட்டின் அருமை நன்கு புரிகிறது.

கல்லூரித் தேர்வில் தோல்வியுற்று, வேலையின்றி அலைந்த இராமானுஜன், திருக்கோவிலூரில் இருந்த இராமசாமி ஐயரை நாடிச் சென்று, தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். அவர் கொண்டுவந்திருந்த குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இவரை அமர்த்தினால் இந்த அறிவு மடிந்துபோகும் என அஞ்சி, வேலை தராமல் சென்னையிலிருந்த தம் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியே கழகத்தில் பொறுப்பிலிருந்த நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து தரலானார். 1911இல் கழகத்தின் ஏட்டில் இராமானுஜனின் முதல் விரிவான கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, வெளிவந்தது. அவர் எழுதும் முறை எவருக்கும் விளங்காததாயிருந்தமையால், பெங்களூரிலிருந்த ஏட்டாசிரியர் நாராயண ஐயங்கார் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தச் செய்தார். நிராகரிப்பது எளிது, திருத்தி வாங்குவதற்குப் பொறுமை வேண்டும். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவருக்கு எழுத்தர் வேலை கிடைத்தபோதும், அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் கணிதக் கழகத்தின் உறுப்பினரே. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய புகழ்பெற்ற கடிதம் 1913ஆம் ஆண்டு ஜனவரியில்தான் சென்றது. ராயல் சொசைட்டி அவரை 1918இல் உறுப்பினராக்கியபோது அவர் நோயாளி. 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். 25 ரூபாய்க்கும் அப்பட்டத்துக்கும் இடையில் எது அவரைக் கணித மேதையாக்கியது என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

இதே கேள்வியை உலகளாவிய அளவில் எழுப்பி, அதற்கு விடையும் கண்டவர் பேராசிரியர் அப்துஸ் ஸலாம். 1926இல் இன்றைய பாகிஸ்தானின் ஜங் என்னும் சிற்றூர்ப் பகுதியில், கல்வித்துறை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1946இல் கேம்பிரிட்ஜ் சென்றதே ஒரு தற்செயல் என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். உலகப் போருக்கெனத் திரட்டப்பட்டுச் செலவாகாமல் எஞ்சிய நிதியிலிருந்து, சிறு விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பஞ்சாப் அரசு சில உதவித்தொகைகளை அறிவித்தது. அவ்வாண்டே புறப்பட முடிந்தவர் ஸலாம். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது, திட்டமும் மறைந்தது. ஓராண்டு தாமதித்திருந்தால் அவர் பெயரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

கேம்பிரிட்ஜில் துகள் இயற்பியலின் கடினமான சிக்கல் ஒன்றைத் தீர்த்துப் பெயர்பெற்று, 1951இல் தாயகம் திரும்பி லாகூர் அரசுக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே நிகழ்ந்ததை அவர் பிற்காலத்தில் கசப்பின்றி, சற்றே நகைச்சுவையுடன் விவரிப்பதுண்டு. ஆராய்ச்சியை மறந்துவிடும்படி கல்லூரி முதல்வர் அறிவுறுத்தினார். பாடம் நடத்தியது போக எஞ்சும் நேரத்தில் விடுதிக் காப்பாளராகவோ, கணக்குப் பார்ப்பவராகவோ, கால்பந்துக் குழுவின் தலைவராகவோ இருக்கலாம் என்று மூன்று வாய்ப்புகளைத் தந்தார். ஸலாம் கால்பந்தைத் தேர்ந்தார்.

அம்முதல்வரைக் குறைகூறிப் பயனில்லை. ஒரு கல்லூரியை நடத்துகிறவருக்கு விடுதியும் கணக்கும் விளையாட்டும் கண்முன் நிற்கும் தேவைகள். ஆராய்ச்சி என்பது அவர் கண்ணில் படாத பொருள். நம்முடைய கல்லூரிகளிலும், முனைவர் பட்டம் பெற்று வந்தவரிடம் முதலில் ஒப்படைக்கப்படுவது தேர்வுத்தாள் கட்டுகள்தாம். லாகூரில் அண்மைக்கால ஆய்வேடுகள் வாரா. தம் துறையைப் பற்றிப் பேச அருகில் எவருமில்லை. நோபல் பரிசு பெற்ற வுல்ஃப்காங் பௌலி பம்பாய்க்கு வந்திருக்கிறார், சந்திக்க வரலாம் எனத் தந்தி கிடைத்ததும், ஸலாம் விடுப்புக்கூடக் கேளாமல் ஓடோடிச் சென்றார். திரும்பி வந்ததும் அனுமதியின்றிப் பணிக்கு வராத குற்றத்துக்கு விளக்கம் கேட்கப்பட்டது. தாகத்தின் அளவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

நம் முன்னோர் இத்தாகத்தை அறிந்திருந்தனர். ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக மாதக்கணக்கில் நடந்த அறிஞர்களைப் பற்றிக் கத்தீபுல் பக்தாதீ (ரஹ்) தனி நூலே எழுதியுள்ளார்கள். ‘ரிஹ்லா’ என்னும் அக்கல்விப் பயணம் திரும்பி வருவதையும் உட்கொண்டது. குராஸானிலிருந்து பக்தாத் சென்றவர் இஜாஸா பெற்றுத் தம் ஊருக்கு மீண்டு, அங்கே பாடஅவை அமைப்பார். மீண்டும் பயணம் புறப்படுவார். வழியில் தங்குமிடமும் உணவும் வக்ஃபுகளின் பொறுப்பு. நவீன அறிவியலாளனுக்கோ இரண்டே வழிகள் இருந்தன: ஊரில் தங்கி அறிவால் மடிவது, அல்லது அறிவைக் காப்பாற்றிக்கொள்ள ஊரைத் துறப்பது. 1954இல் ஸலாம் இரண்டாவது வழியைத் தேர்ந்து கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். 1957இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர். 1959இல், 33 வயதில், ராயல் சொசைட்டி உறுப்பினர். நாட்டைத் துறந்த குற்றவுணர்வு மட்டும் அவரை விடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிச் செல்ல வேண்டும். ஸலாம் சார்ந்திருந்த அஹ்மதிய்யாப் பிரிவின் கொள்கை குறித்து உலமாக்கள் அளித்துள்ள தீர்ப்பு வாசகர்கள் அறிந்ததே. அகீதா விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் வரலாறு எழுதுகிறவன், 1953இல் லாகூரில் அப்பிரிவினருக்கு எதிராகக் கலவரம் மூண்டதையும், 1974இல் பாகிஸ்தானின் அரசியல் சட்டம் அவர்களை முஸ்லிமல்லாதார் என அறிவித்தபோது ஸலாம் அரசின் அறிவியல் ஆலோசகர் பதவியைத் துறந்ததையும் மறைக்க இயலாது. ஐரோப்பிய அறிவுலகில் ஓர் ஏழை நாட்டவர். சொந்த நாட்டில் சிறுபான்மையர். இவ்விரண்டு தனிமைகளையும் ஒருங்கே சுமந்த அவர், பாகிஸ்தானியக் குடியுரிமையைக் கடைசிவரை விட்டுவிடவில்லை.

1960ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய அனைத்துலக அணுசக்தி முகமையின் பொதுமாநாட்டில், பாகிஸ்தானின் பேராளராக அவர் ஒரு முன்மொழிவை வைத்தார்: ஏழை நாடுகளின் இயற்பியலாளர்கள் வந்து தங்கித் தம் அறிவைப் புதுப்பித்துச் செல்ல ஓர் அனைத்துலக மையம் வேண்டும். வளர்ந்த நாடுகள் சில முகம் சுளித்தன. கோட்பாட்டு இயற்பியல் என்பது ரோல்ஸ்ராய்ஸ் கார் போன்றது, இந்நாடுகளுக்குத் தேவை மாட்டுவண்டியே என்று ஒரு பேராளர் பேசியதாக ஸலாம் நினைவுகூர்ந்துள்ளார். நான்கு ஆண்டு வாதாட்டத்துக்குப் பின், இயற்பியலாளர் பாவ்லோ புதினிச்சின் முயற்சியாலும் இத்தாலிய அரசின் பொருளுதவியாலும், 1964ஆம் ஆண்டு அக்டோபரில் டிரியெஸ்ட் நகரில் அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையம் திறக்கப்பட்டது. அட்ரியாட்டிக் கடலோரத்தில், அன்றைய யூகோஸ்லாவியாவின் எல்லையை ஒட்டியிருக்கும் நகரம் அது. கிழக்கையும் மேற்கையும் சேர்ந்த அறிவியலாளர் அக்காலத்தில் தடையின்றிச் சந்தித்த மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று.

மையத்தின் கட்டடத்தையும் புகழையும் விட முக்கியமானது, அது தொடக்கத்திலேயே வகுத்த இணையுறுப்பினர் திட்டம். வளரும் நாடொன்றில் பணியாற்றும் ஆய்வாளர் சில ஆண்டுகளுக்கு இணையுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவார். அக்காலத்துக்குள் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் முதல் மூன்று மாதம்வரை, தமக்கு ஏற்ற வேளையில் டிரியெஸ்டுக்கு வந்து தங்கலாம். பயணச் செலவும் தங்கும் செலவும் மையத்தைச் சேரும். அவர் தம் நாட்டில் வேலையை விட வேண்டியதில்லை. வீட்டைப் பெயர்க்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் வந்து, ஓராண்டாகச் சேர்ந்துபோன ஆய்வேடுகளைப் படித்து, துறைத் தலைவர்களோடு விவாதித்து, புதிய கணக்குகளோடு ஊர் திரும்பலாம். லாகூரில் தாம் தவித்த காலத்தில் இப்படி ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் தாம் நாட்டைவிட்டு வெளியேறியிருக்கவே மாட்டேன் என்று ஸலாம் கூறுவார்.

இத்திட்டத்தின் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உதவித்தொகை கொடுத்து மேனாட்டுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் ஏற்கெனவே ஏராளம் இருந்தன. அவை நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுபவை; சென்றவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. டிரியெஸ்ட் திட்டமோ நாற்று நின்ற வயலுக்கே நீர் பாய்ச்சியது. நம் ரிஹ்லா மரபின் இலக்கணம் அப்படியே அதில் அமைந்திருப்பது வியப்புக்குரியது. தொலைதூர ஸ்காட்லாந்திலிருந்து அரபு அறிவைத் தேடித் தோலேதோவுக்குச் சென்ற மைக்கேலைப் பற்றி ஸலாம் தம் உரைகளில் விரும்பிப் பேசுவார். அறிவின் மையங்கள் இடம் மாறும். ஒரு காலத்தில் ஏழை மாணவன் வடக்கிலிருந்து தெற்கே வந்தான் என்று மேனாட்டாருக்கு நினைவூட்டுவது அவர் நோக்கம்.

1964 முதல் இன்றுவரை அம்மையம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர் வருகைகளைக் கண்டுள்ளது. 1979இல் ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பெர்க் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸலாம், தம் பங்குத் தொகையை இளம் அறிவியலாளருக்கே ஒதுக்கினார். 1996இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டு மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மையம் ஒன்று போதாது, வளரும் நாட்டு அறிஞர்களுக்கெனக் கழகமும் வேண்டும் என்ற எண்ணம் 1981இல் ரோமில் நடந்த ஓர் அறிஞர் கூட்டத்தில் எழுந்தது. 1983இல் டிரியெஸ்டிலேயே மூன்றாம் உலக அறிவியல் அகாடமி தோன்றியது. ஸலாம் அதன் முதல் தலைவர். 1985இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பெரேஸ் தெ குவேயார் அதை முறைப்படி தொடங்கிவைத்தார். பெயர் பின்னர் இருமுறை மாறி, 2012 முதல் உலக அறிவியல் அகாடமி என வழங்குகிறது. நம் நாட்டுப் பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் சில ஆண்டுகள் அதன் தலைவராயிருந்தார்.

இவ்வகாடமியும் மாலை சூட்டும் வேலையை விட்டுவிடவில்லை. உறுப்பினர் தேர்தல், பரிசு, பதக்கம் எல்லாம் உண்டு. உறுப்பினரை உறுப்பினரே தேர்ந்தெடுப்பதால், ஏற்கெனவே வலுவாயிருக்கும் சில நாடுகளே பட்டியலில் பெருகும் குறையும் உண்டு. ஆனால் 1986 முதல் அது வழங்கிவரும் சிறு ஆய்வு மானியங்களை நான் உயர்வாக மதிக்கிறேன். பணம் அதிகமன்று. சம்பளத்துக்கு அதைப் பயன்படுத்த முடியாது. ஒரு கருவியின் உதிரிப்பாகம், ஆய்வகத்துக்கான வேதிப்பொருள், தேவையான நூல் ஆகியவற்றுக்கே அது உதவும். ஆப்பிரிக்க நாடொன்றின் பல்கலைக்கழகத்தில் கருவி பழுதாகிக் கிடக்க, பாகம் வாங்க அயல்நாட்டுச் செலாவணி கிடைக்காமல், ஆய்வாளர் கைகட்டி நிற்கும் நிலையை அறிந்தவர்கள் வகுத்த திட்டம் அது. தெற்கு நாட்டு மாணவர் வேறொரு தெற்கு நாட்டிலேயே முனைவர் பட்டம் பயிலும் ஏற்பாடும் பின்னர் வந்தது. சீன அறிவியல் கழகத்துடன் சேர்ந்து ஆண்டுக்கு 200 பேர்வரை அவ்வாறு பயில வழிசெய்யப்பட்டது.

பெண்கள் நிலை வேறுவகைச் சிக்கல். வெளிநாடு சென்று நான்காண்டு தங்கும் உதவித்தொகை, கைக்குழந்தையுள்ள தாய்க்கு எட்டாக்கனி. திறமைக்குறைவால் அன்று, காலக்குறைவால். 1988இல் டிரியெஸ்டில் நடந்த மாநாட்டின் விளைவாக, 1993இல் கெய்ரோவில் மூன்றாம் உலகப் பெண் அறிவியலாளர் அமைப்பு தொடங்கப்பட்டது. மருந்துச் செடிகளை ஆராய்ந்த வேதியியலாளரும், ஸ்வாசிலாந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான லிடியா மகூபு அதன் முதல் தலைவி. ஸ்வீடன் அரசின் உதவியோடு அது அளிக்கும் முனைவர் பட்ட உதவித்தொகையில் ஒரு வசதி உண்டு: மாணவி தம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே பதிவுசெய்துகொண்டு, ஆய்வகப் பணிக்கு மட்டும் வேறு நாட்டு நிறுவனத்துக்குத் தவணை தவணையாகச் சென்று வரலாம். மூன்று முறை வந்துபோகும் பழைய இணையுறுப்பினர் திட்டத்தின் சாயலை இதில் காணலாம்.

செல்வ நாடுகளின் கழகங்களும் அண்மைக்காலத்தில் இத்திசையில் நகர்ந்துள்ளன. 1967இல் மாணவியாயிருந்தபோதே துடிப்பு விண்மீன்களைக் கண்டறிந்த ஜோசலின் பெல் பர்னல், 1974இல் அதற்கான நோபல் பரிசு தம் ஆசிரியருக்குச் சென்றதைக் கண்டவர். 2018இல் தமக்குக் கிடைத்த சுமார் 23 இலட்சம் பவுன் பரிசு முழுவதையும் பிரிட்டனின் இயற்பியல் கழகத்திடம் ஒப்படைத்து, அத்துறையில் எண்ணிக்கையில் குறைந்த பிரிவினர் முனைவர் பட்டம் பயில நிதியம் அமைக்கச் செய்தார். ஸலாம் செய்ததையே அவரும் செய்தார் எனலாம். தனிமையின் வலியை அறிந்தவர் கையிலிருந்தே பெரும்பாலும் இத்தகைய கொடைகள் வருகின்றன. கழகங்களின் பொது நிதியிலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்கவும் இடமுண்டு.

தீராத தடைகளும் உள. அழைப்புக் கடிதமும் பயணச் சீட்டும் கையிலிருக்க, விசா மறுக்கப்பட்டு மாநாட்டை இழக்கும் ஆய்வாளர்கள், குறிப்பாக முஸ்லிம் நாடுகளையும் ஆப்பிரிக்க நாடுகளையும் சேர்ந்தவர்கள், இன்றும் பலர். இதைத் தீர்க்கும் அதிகாரம் எந்தக் கழகத்திடமும் இல்லை.

உலக அறிவியல் அகாடமியின் தலைமைப் பொறுப்பை 2023இல் குர்ரைஷா அப்துல் கரீம் ஏற்றார். தென்னாப்பிரிக்காவின் இந்திய வமிசாவளி முஸ்லிம் குடும்பத்தில் தோன்றிய தொற்றுநோயியல் அறிஞர் அவர். டெனோஃபோவிர் என்னும் மருந்து கலந்த களிம்பைப் பயன்படுத்திய பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 39 விழுக்காடு குறைந்ததை, அவர் பங்கேற்று நடத்திய ஆய்வு 2010இல் காட்டியது. அகாடமி தோன்றி நாற்பதாண்டுகள் ஆகும் வேளையில் அப்பொறுப்புக்கு வந்த முதற்பெண் அவரே.